முழுத் தூரம்

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வீட்டு ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதல்நாள் இரவு பத்து மணிக்குத் தொடங்கிய மழை. இடையில் ஒரு முறையேனும் ஓய்ந்ததாகத் தெரியவில்லை. முற்றத்து மாமரத்தின் கீழ் நீர் கணுக்காலளவு நின்றது. அத்தகைய வேளையில் அறுபத்தெட்டு வயதான ஒருவன் விறாந்தையிற் குந்தியிருந்து சப்பாத்துக்கு நாடா கட்டுவானாயின், அவனைப் பார்த்து அவன் மனைவி என்ன சொல்வாள் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

"இந்த மழைக்குள்ளை ஆர் ஓடப் போகினம்? பேசாமல் வந்து படுங்கோ," என்றாள்.

நான் மறுமொழி கூறவில்லை. கூறத்தக்க நியாயம் ஒன்று என் மனத்தில் இருந்தது. ஆனால் அதை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் எவரிடமும் கூறியதில்லை. துவாயொன்றையும் மாற்றுச் சேட்டொன்றையும் பொலித்தீன் பையிற் சுற்றி எடுத்துக்கொண்டேன். குடையையும் எடுத்துக்கொண்டேன். ஓடப் போகிறவனுக்குக் குடை எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை.

அன்று யாழ்ப்பாணத்திலே ஐந்து கிலோமீற்றர் வீதியோட்டப் போட்டியொன்று நடைபெற இருந்தது. கோட்டைக்கு அருகே முனியப்பர் கோயிலடியிலே தொடங்கி, பண்ணைத் தாம்போதி வழியே கடலேரியை ஊடறுத்து இரண்டரைக் கிலோமீற்றர் செல்லவேண்டும். அங்கே வீதியின் நடுவில் ஒரு பீப்பா வைக்கப்பட்டிருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு சென்ற வழியே திரும்பவேண்டும். வயதெல்லை இல்லை. விரும்பியவர் ஓடலாம், முடியாதவர் நடக்கலாம்.

நான் ஓட்டக்காரன் அல்லன். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் என் இரத்தத்திலே சீனி கூடிவிட்டதென்று கண்ட வைத்தியர், நாள்தோறும் நடக்கும்படி பணித்தார். விடியற்காலையில் நல்லூர்க் கோயில் வீதியைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். ஒரு நாள் ஏதோ ஓர் உற்சாகத்தில் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடிப் பார்த்தேன். நெஞ்சு படபடத்தது; ஆயினும் உயிர் போகவில்லை. மறுநாள் ஒரு கம்பம் ஓடி, ஒரு கம்பம் நடந்தேன். பின்னர் இரண்டு கம்பம் ஓடி, ஒரு கம்பம் நடந்தேன். இப்படிக் கம்பங்களை எண்ணி எண்ணி ஓராண்டில் நடக்காமலே ஐந்து கிலோமீற்றர் ஓடக் கற்றுக்கொண்டேன். என்னுடைய ஓட்டத்தை வேகமாக நடக்கும் ஓர் இளைஞன் முந்திவிடுவான் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

முனியப்பர் கோயிலடிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கீழ்வானம் சாம்பல் நிறமாயிற்று. கோட்டை மதிலின் முருகைக் கற்கள் நனைந்து கறுத்திருந்தன. நூற்றிருபதுக்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்திருந்தனராம். மழை அவர்களுள் முப்பது பேரைக் கட்டிலோடு கட்டிவைத்துவிட்டது. எஞ்சியவர்கள் மரங்களின் கீழும் கடைத் தாழ்வாரங்களிலும் ஒண்டி நின்றனர். பாடசாலைப் பையன்கள், பல்கலைக்கழக மாணவிகள், வங்கி உத்தியோகத்தர்கள், என்னைப் போல வைத்தியருக்குப் பயந்த சிலர் என்று பலதரப்பட்டவர்களும் அங்கே இருந்தனர்.

"இடி முழக்கம் இல்லாதபடியால் ஓட்டம் நடைபெறும். மின்னல் கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்துவோம்," என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அது சரியான ஏற்பாடு. வெட்டவெளியான கடலேரியின் நடுவே செல்லும் வீதியில் மழைக்குப் பயப்படத் தேவையில்லை. மின்னலுக்குப் பயப்படத்தான் வேண்டும்.

மழை ஓட்டக்காரனுக்குப் பகையென்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. நாம் ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைவானதே உடலை முன்னே நகர்த்துகிறது. எஞ்சியதெல்லாம் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றவே வியர்க்கிறோம். ஆனால் நமது பிரதேசத்து ஈரக் காற்றிலே வியர்வை இலகுவில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. மழைநீரோ தோலிலிருந்து வெப்பத்தைத் தானாகவே அள்ளிக்கொண்டு ஓடிவிடுகிறது. எனவே ஓடிக்கொண்டிருக்கும் வரையில் மழை நண்பன். நின்றுவிட்டால்தான் அது பகைவன். நனைந்த உடையும் காற்றும் சேர்ந்து சில நிமிடங்களிலே உடலை நடுங்கவைத்துவிடும். துவாயையும் மாற்றுச் சேட்டையும் நான் கொண்டு சென்றது அதனாலேயே.

பதிவு மேசையில் இருந்த மாணவி என் பெயரைக் கேட்டு, தடித்த காகிதத் துண்டொன்றில் 94 என்று எழுதித் தந்தாள். அதை நெஞ்சிலே ஊசியாற் குத்திக்கொண்டு வெளியே வந்தேன். நான்கு துளி விழுந்ததுதான் தாமதம், மை கரையத் தொடங்கிற்று. ஒன்பதின் வால் நீண்டு வழிந்தது. நான்கு ஒரு நீலக் கறையாயிற்று. அருகில் நின்ற பையன்கள் தங்கள் தங்கள் இலக்கங்களைக் காட்டிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மழையிற் கரையும் மையை நான் இதற்கு முன்னரும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

அது 1973ஆம் ஆண்டு தை மாதம். பொங்கலுக்கு அடுத்த வாரம். அப்பொழுது எனக்குப் பதினாறு வயது. வலிகாமத்திலே எங்கள் ஊர்ப் பாடசாலையில், இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர்ப் போட்டிக்கு முன்பாக 'மரதன்' ஓட்டம் நடைபெறுவது வழக்கம்.

மரதன் என்று நாங்கள் அழைத்தோமே தவிர அது உண்மையான மரதன் அன்று. 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நவீன ஒலிம்பிக் விழா முதன்முறை நடைபெற்றபோது, மரதன் என்னும் ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் ஓடினார்கள். 1908ஆம் ஆண்டு இலண்டனில் அத்தூரம் 26 மைல் 385 யார் ஆயிற்று. அதுவே 42.195 கிலோமீற்றர் என்று 1921இல் நிலைபெற்றது. எங்கள் ஓட்டமோ மூன்று மைல். ஆயினும் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே வீதியில் ஓடுவதெல்லாம் மரதனே.

அந்த மூன்று மைலையும் எங்கள் தேகப்பயிற்சி ஆசிரியர் தாமே அளந்திருந்தார். தமது சைக்கிளின் முன்சில்லுக் கம்பியிலே ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அது மேலே வரும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொண்டு மெல்ல மெல்ல உழக்கிச் செல்வார். ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு சுற்றுகள். நடுவிலே யாராவது வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைப்பார், வாய் எண்ணிக்கொண்டேயிருக்கும். இன்றும் உலகமெங்கும் வீதியோட்டங்களுக்குரிய பாதையைச் சைக்கிளினாலேயே அளக்கிறார்கள் என்பதைப் பிற்காலத்தில் அறிந்து வியந்தேன். சில்லிலே சுற்றுகளை எண்ணும் கருவியொன்று பூட்டப்படுகிறது என்பதே வேறுபாடு. அளந்த பின்னர் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஒரு மீற்றரை மேலதிகமாகவும் சேர்த்துவிடுவார்கள். தூரம் சற்றுக் கூடினாலும் கூடலாம். குறையவே கூடாது என்பது விதி.

ஓடுகிறவர்கள் குறுக்கு வழியிற் போகாமல் இருப்பதற்காக மூன்று இடங்களில் ஆசிரியர்கள் நிற்பார்கள். ஒவ்வோரிடத்திலும் உள்ளங்கையில் ஊதா மை முத்திரை ஒன்று குத்தப்படும். மூன்று முத்திரையோடு முதற் பத்துப் பேருக்குள் வந்தால் இல்லத்துக்குப் புள்ளி, ஓடியவனுக்குச் சான்றிதழ்.

அன்றும் மழை. இரண்டாவது முத்திரையைப் பெற்றபோது நான் பதினான்காவதாகவோ பதினைந்தாவதாகவோ ஓடிக்கொண்டிருந்தேன். விலா வலித்தது. சேறு காலை இழுத்தது. மூன்றாவது முத்திரை குத்தும் இடம் ஒரு வயிரவர் கோயிலடி. அதற்கு முன்னதாகப் புகையிலைத் தோட்டமொன்றின் அருகே, கிடுகு வேலிகளுக்கு நடுவே ஓர் ஒழுங்கை பிரிந்தது. கோயிலைச் சுற்றி வரும் வீதியை விட்டு அதன் வழியே போனால் அறுநூறு யார் மிச்சம். முன்னே போனவர்கள் வளைவிலே மறைந்துவிட்டார்கள். பின்னே வந்தவர்களை மழை மறைத்திருந்தது. என்னை யாரும் அழைக்கவில்லை, யாரும் தூண்டவுமில்லை. என் கால்கள் தாமாகத் திரும்பின என்று எழுத ஆசைதான். ஆனால் கால்கள் தாமாகத் திரும்புவதில்லை.

ஒழுங்கையின் மறுமுனையில் நான் வீதிக்கு ஏறிய அதே கணத்திலே, கோயிலடியைச் சுற்றிக்கொண்டு ஒருவன் வந்தான். என் வகுப்பு மாணவன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஊரிலே பதினைந்து வீடுகளுக்குப் பால் ஊற்றிவிட்டுப் பாடசாலைக்கு வருகிறவன். சப்பாத்து இல்லாதவன். 1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கிலே எதியோப்பிய நாட்டு அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி மரதனை வென்ற கதையைத் தேகப்பயிற்சி ஆசிரியர் வகுப்பிற் கூறியபோது, நாங்கள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். அவன் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். அவன் நான் ஒழுங்கையால் ஏறியதைக் கண்டான். அவன் கண்டதை நானும் கண்டேன். இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

களைப்பாறிய கால் என்னுடையது. களைத்த கால் அவனுடையது. நான் பத்தாவதாக வந்தேன். அவன் பதினோராவதாக வந்தான்.

பாடசாலை வாசலிலே கையை விரித்துக் காட்டச் சொன்னார்கள். என் உள்ளங்கையில் இருந்த இரண்டு முத்திரைகளும் மழையில் ஊறி ஒரே ஊதாக் கறையாகியிருந்தன. அது இரண்டா, மூன்றா என்று எவராலும் சொல்ல முடியாது. "சரி, போ," என்றார் ஆசிரியர். நான் திரும்பிப் பார்த்தேன். அவன் என் கையைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். தாழ்வாரத்திலிருந்து ஒழுகிய நீரிலே கையை நீட்டி அந்த மையைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டான்.

அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் பிரம்படியோடு அது முடிந்திருக்கும். ஓரிரு ஆண்டுகளில் வேடிக்கைக் கதையாகவும் ஆகியிருக்கும். அவன் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால் அது முடியவே இல்லை. சான்றிதழை என் தந்தையார் கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினார். சாப்பிட உட்காரும் ஒவ்வொரு வேளையும் அது என் கண்முன்னே தொங்கியது.

பிற்காலத்தில் நான் ஓட்டப் பந்தயங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தது அறிவு வேட்கையால் அன்று. என்னைப் போல் வேறு யாராவது இருந்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகவே. இருந்தார்கள். 1896ஆம் ஆண்டு முதல் மரதனிலேயே மூன்றாவதாக வந்த கிரேக்கர் ஒருவர் வழியிற் சிறிது தூரத்தைக் குதிரை வண்டியிற் கடந்தார் என்பது வெளியாகி, அவருடைய இடம் பறிக்கப்பட்டு, நான்காவதாக வந்த ஹங்கேரி நாட்டவருக்குக் கொடுக்கப்பட்டது. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஒலிம்பிக்கிலே நடந்தது இன்னும் விநோதம். கொடும் வெயிலும் புழுதியும் நிறைந்த பாதையில் 32 பேர் ஓடத் தொடங்கினர். முடித்தவர் 14 பேரே. பிரெட் லோர்ஸ் என்பவர் ஒன்பது மைல் அளவிற் களைத்துப்போய் ஒரு மோட்டார் காரில் ஏறிக்கொண்டார். ஏறத்தாழப் பதினொரு மைல் காரிற் சென்று இறங்கி, மைதானத்துக்குள் எல்லோருக்கும் முன்னதாக ஓடி வந்தார். கூட்டம் ஆரவாரித்தது. உண்மை தெரிந்ததும் வேடிக்கைக்காகச் செய்தேன் என்றார். ஆயுட்காலத் தடை விதித்தார்கள். சில காலத்தில் அதை நீக்கினார்கள். அடுத்த ஆண்டு, 1905இல், அதே லோர்ஸ் பொஸ்டன் மரதனிலே முழுத் தூரத்தையும் ஓடி முதலாவதாக வந்தார்.

இந்தக் கடைசிச் செய்தியைப் படித்த அன்று நான் நெடுநேரம் புத்தகத்தை மூடாமல் இருந்தேன். ஹங்கேரி நாட்டவருக்குக் கிடைத்த நீதி எங்கள் ஊர்ப் பால்காரப் பையனுக்குக் கிடைக்கவில்லை; ஏனெனில் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் லோர்ஸ் சென்ற வழி எனக்கும் திறந்திருக்கிறதல்லவா?

ஊதல் ஒலித்தது. மழைக்குள்ளே தொண்ணூறு பேர் ஓடத் தொடங்கினோம்.

முதல் அரைக் கிலோமீற்றருக்குள் எல்லோரும் என்னைக் கடந்து போய்விட்டார்கள். எனக்குப் பின்னே மூவர் மாத்திரம் எஞ்சினர். சப்பாத்துக்குள் நீர் புகுந்து அடிக்கு அடி 'சளக் சளக்' என்றது. வீதியில் வெள்ளைக் கோடு தீட்டிய இடங்களில் கால் வழுக்கும் என்பதால் கறுப்புத் தாரைப் பார்த்து மிதித்தேன். கோட்டையைத் தாண்டித் தாம்போதியில் ஏறியதும் இரு புறமும் கடலேரி விரிந்தது. வானமும் நீரும் ஒரே ஈய நிறம். சிறகுவலைத் தடிகள் நீரிலே வரிசையாக நின்றன. ஒவ்வொரு தடியிலும் ஒரு பறவை மழையைப் பொருட்படுத்தாமல் அமர்ந்திருந்தது. வாடைக் காற்று என் முதுகிலே கைவைத்துத் தள்ளிற்று. ஓடுவது இவ்வளவு இலகுவா என்று தோன்றியது. திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அறையும் என்பதை எண்ணிப் பார்க்காத மகிழ்ச்சி அது.

எதிரே ஒரு கடற்றொழிலாளி சைக்கிளில் வந்தார். பின்னால் மீன்பெட்டி, தலையிலே பொலித்தீன் உறை. எங்களைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினார்.

"என்ன அண்ணை, ஆர் கலைக்கிறது?" என்றார்.

இருவரும் சிரித்தோம். ஆனால் ஒரு நூறு அடி சென்ற பின்னர் அந்தச் சிரிப்பு என் வாயிலே நிற்கவில்லை. எங்கள் தலைமுறைக்கு ஓட்டம் என்ற சொல்லுக்குப் பொருள் விளையாட்டு அன்று. 1990இல் இதே கோட்டையைச் சுற்றிச் சமர் நடந்தபோது ஓடினோம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. அன்றும் மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு நகர்ந்தோம். ஓர் அடி வைத்தால் அடுத்த அடிக்குக் காத்திருக்கவேண்டும். என் தோளில் ஆறு வயது மகள். கையிலே ஒரு பை. மனைவியின் கையில் இன்னொன்று. என் தோள் மரத்துப்போன ஒரு கட்டத்தில், பக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஒருவன் ஒன்றும் பேசாமற் பிள்ளையை வாங்கித் தன் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டான். பின்னாற் கரியரில் அவனுடைய வயோதிபத் தாய் ஒரு சாக்கைப் போர்த்தியபடி இருந்தாள்.

அவன்தான். பதினோராவதாக வந்தவன்.

இரவு முழுவதும் அருகருகே நடந்தோம். அவன் என் மகளுக்கு ஒரு கையால் மழையை மறைத்துக்கொண்டு மறு கையால் சைக்கிளை உருட்டினான். அந்த வழியிலே ஒழுங்கை இருக்கவில்லை. மிச்சம் பிடிக்க அறுநூறு யார் எவருக்கும் இருக்கவில்லை. எல்லோரும் முழுத் தூரத்தையும் நடந்தோம். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று என் மனம் இடித்தது. வீடு, வாசல், தேடிய தேட்டம் அனைத்தையும் விட்டுவிட்டு வந்த மனிதனிடம் ஒரு பாடசாலைச் சான்றிதழைப் பற்றிப் பேசுவதா என்று நாக்கு தடுத்தது. விடிய மகளை இறக்கித் தந்தான். "பிள்ளைக்குத் தலையைத் துடைச்சுவிடும்," என்றான். அவ்வளவுதான். அவன் தாயோடு வன்னிக்குச் சென்றதாகக் கேள்விப்பட்டேன். 2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின்னர் அவனைப் பற்றி எவரிடமிருந்தும் எனக்கு ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. சான்றிதழ் எங்கள் வீட்டோடு அழிந்துபோயிற்று. அவனிடம் சொல்லவேண்டியிருந்த சொல் மாத்திரம் என்னிடம் அழியாமல் இருக்கிறது.

திரும்பும் இடம் நெருங்கியது. முதல்நாள் மாலை நான் வந்து பாதையைப் பார்த்துச் சென்றிருந்தேன். வீதியின் நடுவிலே வெள்ளைத் தீந்தையால் ஒரு குறுக்குக் கோடு இட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் பீப்பாவை வைத்திருந்தார்கள். இப்போது பீப்பாவைக் காணவில்லை. காற்று எங்கோ உருட்டிச் சென்றிருந்தது. காவலுக்கு நின்ற மாணவர்கள் இருவர் ஓர் ஓட்டோவுக்குள் ஒதுங்கியிருந்தனர். எனக்கு முன்னே சென்ற சிலர் ஓட்டோவையே எல்லையாகக் கொண்டு அதன் அருகிலே திரும்பி வந்தார்கள். கோடு இன்னும் நாற்பது அடி அப்பால் இருந்தது.

"ஐயா, காணும்! திரும்புங்கோ!" என்று கத்தினான் ஒருவன்.

நாற்பது அடி போவதற்கும் நாற்பது அடி வருவதற்கும் எத்தனை விநாடி? அதனால் எவருக்கும் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. ஆயினும் நான் நிற்கவில்லை. ஓட்டோவைத் தாண்டிச் சென்று, மழைநீர் ஓடிய அந்த வெள்ளைக் கோட்டை இரண்டு காலாலும் மிதித்துவிட்டே திரும்பினேன். என்னை விசரன் என்று அந்தப் பிள்ளைகள் எண்ணியிருப்பார்கள். எண்ணட்டும்.

திரும்பியதும் வாடை முகத்தில் அறைந்தது. மழைத்துளிகள் மணலைப் போலக் கண்ணிற் குத்தின. மூச்சை இழுத்தால் நீரும் சேர்ந்து வந்தது. நகரத்துக் கட்டடங்கள் மழைத் திரைக்கு அப்பால் ஒரு நிழலாகத் தெரிந்தன. ஓட ஓட அவை கிட்டுவதாக இல்லை. 1973இல் வலித்த அதே விலா, அதே இடத்தில், ஐம்பது ஆண்டுகளாகக் காத்திருந்ததுபோல வலிக்கத் தொடங்கிற்று. ஓட்டத்தை நடை அளவுக்குக் குறைத்தேன்; ஆனால் நடக்கவில்லை. தாம்போதியிலும் மின்கம்பங்கள் உண்டு. இந்தக் கம்பம் வரை என்று ஒன்றைக் கடந்தேன். இன்னும் ஒன்று என்று அடுத்ததைக் கடந்தேன்.

பின்னாலே ஓட்டோவின் ஓசை கேட்டது. கடைசியாக வந்த மூவரும் திரும்பியதும் காவல் முடிந்துவிட, அந்த மாணவர்கள் புறப்பட்டிருந்தனர்.

"ஐயா, ஏறுங்கோவன். மழை விடாது. ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்."

ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். உண்மைதான். அன்றும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"இல்லைத் தம்பி. நீங்கள் போங்கோ. நான் ஓடி வாறன்."

அவர்கள் போகவில்லை. நல்ல பிள்ளைகள். மழையிருளிலே எனக்கு வழி தெரியவேண்டும் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு என் பின்னே மெல்ல மெல்ல வந்தார்கள். அந்த வெளிச்சத்தில் என் நிழல் எனக்கு முன்னே நீண்டு, நனைந்த வீதியிலே ஓடிற்று. சில வேளை அது என் நிழலாகத் தெரியவில்லை. சப்பாத்து இல்லாத ஒருவன் எனக்குச் சற்று முன்னே, அவனுக்கு உரிய இடத்தில் ஓடுவதாகவே தெரிந்தது. அவனை நான் முந்த முயலவில்லை.

முனியப்பர் கோயிலடியில் நான் வந்து சேர்ந்தபோது பரிசளிப்பு முடிந்துவிட்டது. நாற்பத்தாறு நிமிடங்கள். மேசையிலிருந்த மாணவி என் நெஞ்சைப் பார்த்தாள். காகிதத்தில் இலக்கம் இருக்கவில்லை. நீலக் கறை மட்டுமே இருந்தது.

"உங்கடை நம்பர் என்ன ஐயா? அழிஞ்சு போச்சு."

"தொண்ணூற்று நான்கு, பிள்ளை. ஓடி முடிச்சிட்டன்."

அவள் ஐயப்படாமல் எழுதிக்கொண்டாள். அழிந்த மையின்மேல் ஒரு வாய்ச்சொல்லை நம்பி எழுதினாள். அந்தச் சொல் இம்முறை உண்மையாக இருந்தது. நின்றவுடன் உடல் நடுங்கத் தொடங்கியது. துவாயால் துவட்டி, உலர்ந்த சேட்டை அணிந்து, ஓடப் போனவனுக்கு எதற்கு என்று எண்ணிய அந்தக் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மனைவி இஞ்சியும் மல்லியும் இட்ட கோப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். சிறிது நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனையாவதாய் வந்தனீங்கள்?"

"எண்பத்தேழாவது."

"எத்தனை பேரிலை?"

"தொண்ணூறு பேரிலை."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பின்னர், கோப்பி ஆறுவதற்கிடையில், நாவற்குழிப் பாலத்தடியில் எங்கள் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிய மனிதனை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நினைவிருக்கிறது என்றாள். அவனைப் பற்றி உன்னிடம் ஒரு விடயம் சொல்லவேண்டும் என்று தொடங்கி, புகையிலைத் தோட்டத்து ஒழுங்கையிலிருந்து எல்லாவற்றையும் முதன்முறையாகச் சொன்னேன்.

வெளியே மழை விட்டபாடில்லை.